மூன்று பத்தி நோட்டு: முஸ்லிம் நாவல்களைக் கூடி வாசிக்க

குமரி மாவட்டத்தில் குளச்சல், தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கம் வாசக வட்டம் தொடங்குபவர்களுக்கு ஒரு வசதி: மலையாளம் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நாவலிலிருந்து தொடங்குங்கள். மூலம் 1951இல் வந்தது, சின்னப் புத்தகம். உரையாடல் பக்கம் ஒன்றை மலையாளத்திலும் தமிழிலும் சத்தமாக வாசிக்க வையுங்கள். உம்மாவின் அதட்டல் மொழிபெயர்ப்பில் எங்கே மழுங்குகிறது என்று காது சொல்லிவிடும்.

எட்டுப் பேர் போதும். கூடினால் பட்டிமன்றமாகிவிடும். ஒரு நாவலுக்கு மூன்று அமர்வு.

ஒவ்வொருவரும் நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட வேண்டும்: மார்க்கம், ஊர், அவள். வேதத்தின் பேரால் சொல்லப்படுவது முதலில். ஜமாத்தும் குடும்பமும் வழக்கமென்று சொல்வது அடுத்து. நாவலின் நாயகி சொல்வது, செய்வது, சொல்லாமல் விழுங்குவது கடைசியில். விழுங்கியதைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள்.

பஷீரில் இது எளிது. பக்கத்து வீட்டுக்காரர்களின் நடை உடையைப் பார்த்து, இவர்கள் முஸ்லிம்கள்தானா என்று நாயகி குஞ்ஞுபாத்தும்மா சந்தேகப்படுகிறாள். அந்த வீட்டிலோ தொழுகை நடக்கிறது. முதல் இரண்டு பத்தியும் அங்கேயே பிரிந்துவிடும்.

அடுத்து காசர்கோட்டுக்காரரான கன்னட எழுத்தாளர் சாரா அபூபக்கரின் ‘சந்திரகிரி ஆற்றங்கரையில்’. தலாக்கான (மணவிலக்கான) நாதிரா கணவனோடு மறுபடி சேர, ஓரிரவு வேறொருவனுக்கு மனைவியாக வேண்டும் என்கிறது ஊர். குர்ஆன் 2:230 சொல்வது, அவள் இன்னொருவரை மணந்து அவரும் விலக்கினால் பழைய கணவரை மணக்கலாம் என்பது. சேர்த்து வைப்பதற்காகவே ஏற்பாடு செய்யும் ஓரிரவு நிக்காஹை (திருமணத்தை) நபிமொழியான ஹதீஸ் சபிக்கிறது. ஊர் சொல்வதையும் வேதம் சொல்வதையும் ஒரே பத்தியில் எழுதினால் நாவல் மார்க்கத்துக்கு எதிரானதாகத் தெரியும். பிரித்தால் ஊரின் அதிகாரம் தெரியும். நாதிரா உயிர்விடுவது பள்ளிவாசல் குளத்தில். ஏன் ஆற்றில் இல்லை, குளத்தில்? ஒரு அமர்வையே இந்தக் கேள்விக்குக் கொடுக்கலாம்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் சட்டம். ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது 2017இல், தண்டனைச் சட்டம் 2019இல், நாவலோ 1980களுடையது. அந்தப் பேச்சைக் கடைசி அமர்வுக்குத் தள்ளுங்கள். முன்னால் வந்தால் கதாபாத்திரம் காணாமல் போய்விடும். இத்தா, அதாவது கணவனை இழந்தவளோ தலாக்கானவளோ மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம், அதன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: விதவைக்கு நாலு மாதம் பத்து நாள், தலாக்கானவளுக்கு மூன்று மாதவிடாய்க் காலம், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. தெரியாதவர் அவள் வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் அடக்குமுறை என்றே எழுதுவார்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) மூன்றாவதாக. அதற்கு நோட்டில் நாலாவது பத்தி வேண்டும்: ஊரை ஆட்டிவைக்கும் முதலாளி. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை அவர் எதிர்ப்பது மார்க்கத்துக்காகவா, தன் பிடிக்காகவா என்பதை அதில் எழுதுங்கள்.