ஏஜென்சி இல்லாமல் மாடலிங்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நான் முதலில் போன மூன்று காஸ்டிங்குகளிலும் என்னைத் திருப்பி அனுப்பப் பத்து நொடிகூட ஆகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், 164 செ.மீ. என்று குறித்துக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். மூன்றும் ராம்ப் நடைக்கான தேர்வுகள். அதற்கு 164 போதாது என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மூன்று நாள் கால் கடுக்க வரிசையில் நின்றிருக்க மாட்டேன். பிறகு ஒரு சோதனைப் படப்பிடிப்பில் புகைப்படக் கலைஞர் திரையில் என் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தைத் தாண்டிப் போய், கோப்பையைப் பிடித்திருந்த என் விரல்களில் நிறுத்திவிட்டு, "கைகளுக்குத் தனியாக வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இன்று என் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த விரல்கள் சம்பாதிப்பதுதான். மீதி கேட்லாக் வேலை.

ஃப்ரீலான்ஸ் மாடலிங்கில் உங்களுக்கும் வேலை கொடுப்பவருக்கும் நடுவே யாரும் கிடையாது. ஏஜென்சி செய்யும் தேடல், பேரம், பில், வசூல் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். கேமரா முன்னால் நிற்கும் நேரத்தைவிட மேசையில் உட்காரும் நேரம் அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: எந்த வேலை உங்களுக்குப் பொருந்தும்?

மாடலிங் என்றதும் எல்லோருக்கும் ராம்ப்தான் கண்ணில் தெரிகிறது. ஆனால் அங்கேதான் வாசல் மிகக் குறுகல். பெண்களுக்குப் பொதுவாக 175 முதல் 180 செ.மீ. வரை, ஆண்களுக்கு 183 செ.மீ.க்கு மேல் உயரம் எதிர்பார்ப்பார்கள். மாதிரி உடைகள் ஒரே அளவில் தைக்கப்படுவதால் வந்த கணக்கு இது. ஏறத்தாழ 170 செ.மீ. உயரமுள்ள பிரிட்டிஷ் மாடல் கேட் மாஸ் பெரிய நட்சத்திரமானது உண்மைதான். விதிவிலக்கை நம்பித் தொழிலைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ராம்புக்கு வெளியேதான் வேலை கொட்டிக் கிடக்கிறது. இணையக் கடைகளுக்கான கேட்லாக் வேலையில் உடையைத் தெளிவாகக் காட்டத் தெரிந்தால் போதும். மருந்து, வங்கி, பயணம், வீட்டுச் சாமான் போன்றவற்றின் வணிக விளம்பரங்களில் 'பக்கத்து வீட்டு மனிதர்' போன்ற முகத்தைத்தான் தேடுகிறார்கள். அங்கே வயதும் உடல்வாகும் தடையே இல்லை. 1931இல் பிறந்த அமெரிக்க மாடல் கார்மென் டெல்ஓரிஃபிச்சே தொண்ணூறு வயதைக் கடந்தும் பத்திரிகை அட்டைக்குப் படமெடுத்துக்கொண்டவர்.

ஃபிட் மாடல் என்று ஒரு வேலை உண்டு. வெளியில் பலருக்கு இது தெரியாது. ஆடை உற்பத்தியாளர்கள் ஒரு சைஸை முடிவு செய்வதற்கு முன் உயிருள்ள ஓர் உடலில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த உடல் உங்களுடையது. முகம் எங்கும் வராது. ஆனால் அளவுகள் மாதக்கணக்கில் மாறாமல் இருக்க வேண்டும். "கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது, உட்கார்ந்தால் இடுப்புப் பட்டை மடங்குகிறது" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரே நிறுவனத்தில் வாரம் தவறாமல் வேலை கிடைக்கக்கூடிய வகை இது. கேமராவைப் பார்த்தால் கூச்சப்படுபவர்கள்கூட இதில் நன்றாகச் செய்வார்கள்.

உடல் பாகங்களுக்கான மாடலிங் என் துறை. கை, கால், கூந்தல், பற்கள் என ஒவ்வொன்றுக்கும் தனி மாடல்கள் உண்டு. கடிகார விளம்பரத்தில் முள் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தை ஒட்டி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்; நிறுவனத்தின் பெயரை மறைக்காமல் இருபுறமும் சமமாக விரிய அந்த ஏற்பாடு. அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்கும் கையை, படமெடுக்கும் முன் ஒரு நிமிடம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்போம். இரத்தம் இறங்கிப் புறங்கை நரம்புகள் அமுங்கிவிடும். இறக்கிய சில நொடிகளுக்குள் படம் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு மீண்டும் எழும். ஒரு நாளில் நூறு முறை இப்படித் தூக்கினால் தோள்பட்டை என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு பயிற்சி. ஒரு வாரம் உங்கள் கண்ணில் படும் விளம்பரங்களில் இருபதைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பவரின் வயது, உடல்வாகு, செய்கிற காரியம், முகபாவம் ஆகியவற்றை எழுதுங்கள். உங்களை எந்தப் படத்தில் மாற்றி வைத்தாலும் படம் கெடாது? அந்தப் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். நான்காவது படிக்கு அவை தேவைப்படும்.

படி 2: அளவுகள்

உயரம், மார்பு, இடுப்பு, இடை, கால் உள்நீளம், காலணி அளவு. உயரத்தைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நின்று எடுங்கள். இடையை மிக ஒடுங்கிய இடத்திலும் இடுப்பை மிக அகன்ற இடத்திலும் அளக்க வேண்டும். டேப்பை இறுக்காதீர்கள், வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். மாதம் ஒரு முறை மீண்டும் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு செ.மீ. குறைத்துச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றும். உடைகளைக் கவனிக்கும் ஸ்டைலிஸ்ட், புகைப்படக் கலைஞர், அவருடைய உதவியாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகில் ஜிப் ஏறாமல் நிற்கும் அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படி 3: டிஜிட்டல்ஸ்

ஒப்பனை, எடிட்டிங் எதுவும் இல்லாத எளிய படங்களுக்கு டிஜிட்டல்ஸ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னமும் 'போலராய்டு' என்பார்கள். போலராய்டு நிறுவனம் உடனடிப் பட ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக 2008இல் அறிவித்த பிறகும் பெயர் மட்டும் தொழிலில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்குச் செல்போன் போதும். பகலில் பெரிய ஜன்னலுக்கு எதிரே, வெற்றுச் சுவரின் முன் நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம், இன்னொருவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுக்கட்டும். பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகும், கால்கள் குட்டையாகும். முழு உருவத்துக்குப் போனை இடுப்பு உயரத்திலும் முகத்துக்குக் கண் உயரத்திலும் பிடிக்கச் சொல்லுங்கள். உடலோடு ஒட்டிய ஒற்றை நிற உடை, நகை இல்லை, பவுடர்கூட இல்லை. நேராக, பக்கவாட்டில், பின்புறம், முகம் மட்டும், சிரித்தபடி, சிரிக்காமல், கூந்தலை விரித்து, கூந்தலைக் கட்டி. அவ்வளவுதான். முடி வெட்டினாலோ மூன்று மாதம் கழிந்தாலோ புதிதாக எடுங்கள்.

படி 4: போர்ட்ஃபோலியோ

இங்கேதான் புதியவர்களின் பணம் அநியாயமாகக் கரைகிறது. 'நூறு படம், ஐந்து உடை, ஆல்பம்' என்று தொகுப்பாக விற்கும் ஸ்டுடியோக்களை விட்டு விலகி நில்லுங்கள். அந்த நூறில் தொண்ணூறு திருமண ஆல்பம் போல இருக்கும்.

தொடக்கத்தில் உள்ள புகைப்படக் கலைஞர்களுக்கும் மேக்கப் கலைஞர்களுக்கும் ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கும் படங்கள் தேவை. உங்களுக்கும் தேவை. இருதரப்பும் காசு வாங்காமல் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் சோதனைப் படப்பிடிப்பு இந்தத் தொழிலில் காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் இலவசம் என்பதற்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை படங்கள் கிடைக்கும், எப்போது கிடைக்கும், யார் எங்கே வெளியிடலாம், விற்கலாமா கூடாதா என்று நான்கு வரி மின்னஞ்சலாவது இருக்கட்டும். ஒரு நிறுவனம் தன் பொருளை விற்க அந்தப் படத்தைப் பயன்படுத்தப்போகிறது என்றால் அது சோதனைப் படப்பிடிப்பே கிடையாது. அது வேலை, கூலி உண்டு.

முதல் படியில் சேமித்த விளம்பரங்களைக் காட்டி, அதே ஒளியில், அதே மனநிலையில் எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் எட்டு முதல் பன்னிரண்டு படங்கள் தேறினால் போதும். சந்தேகமான படத்தைத் தூக்கிவிடுங்கள். பார்ப்பவர் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான். இவற்றிலிருந்து ஒரு காம்ப் கார்டு தயாரியுங்கள்: முன்பக்கம் ஒரு படமும் பெயரும், பின்பக்கம் மூன்று நான்கு படங்கள், அளவுகள், மின்னஞ்சல். வீட்டு முகவரியும் சொந்தத் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டாம்.

படி 5: வேலை தேடுவதும், வேலை உங்களைத் தேடுவதும்

நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிடப் பத்துப் பேருக்குப் படித்துப் பார்த்து எழுதுவது மேல். சிறிய ஆடை, நகை, அழகுசாதன நிறுவனங்களில் தொடங்குங்கள். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்களுடைய புதிய கைத்தறிச் சட்டைகளின் படங்களைப் பார்த்தேன். நான் கேட்லாக் மாடல். உயரம் 164 செ.மீ. உங்கள் மீடியம் அளவு எனக்குச் சரியாகப் பொருந்தும். படங்களும் அளவுகளும் இணைப்பில் உள்ளன. அடுத்த படப்பிடிப்புக்கு ஆள் தேடும்போது என்னைக் கருத்தில் கொள்ளவும்."

இதற்கு மேல் நீட்டாதீர்கள். 'சிறு வயது முதலே என் கனவு' என்று தொடங்கும் கடிதங்களை யாரும் முடிவுவரை படிப்பதில்லை. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு அமைதி.

யாருக்கு எழுதினீர்கள், பதில் வந்ததா, எந்தப் படத்தைக் குறிப்பிட்டார்கள், எந்த வேலைக்கு மறுபடி அழைத்தார்கள் என்று ஓர் அட்டவணை போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது ஃபேஷன் வேலைக்கு அனுப்பிய 31 கடிதங்களுக்கு இரண்டு பதில்கள்; கைகளுக்காக அனுப்பிய ஒன்பதுக்கு ஐந்து. என் மனம் முதல் வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, சந்தையோ இரண்டாவது வரிசையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கையுறை வாங்கினேன். பாத்திரம் தேய்ப்பதிலிருந்து செடிக்கு மண் அள்ளுவது வரை அது இல்லாமல் எதையும் தொடுவதில்லை.

போகும் வழியில் பொறிகள் உண்டு. வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி. பேசிய தொகையைவிட அதிகமாகக் காசோலை அனுப்பி, "மீதியை ஸ்டைலிஸ்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றால் அதுவும் மோசடி. நீங்கள் பணம் அனுப்பிய பிறகு காசோலை திரும்பிவிடும். புதியவரை முதலில் பொது இடத்தில் சந்தியுங்கள். அவரோடு முன்பு வேலை செய்த இரண்டு மாடல்களிடம் விசாரியுங்கள். துணைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம். எந்த அளவுக்கு உடல் தெரியும் உடை என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே போன பிறகு மாற்றினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பதினெட்டு வயது நிறையாதவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் எந்தப் படப்பிடிப்புக்கும் போகக்கூடாது.

படி 6: விலை

என் இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்கு அரை நாள் வேலை செய்தேன். பேசிய தொகையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு தோழி அனுப்பிய படத்தில், அவர்களுடைய புதிய பொருளின் பெட்டியில் என் கை. கேட்டபோது நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். 'எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும்' என்று அதில் இருந்தது. அவர்கள் மீது தவறு சொல்ல வழியில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஆகவே விலை சொல்லும்போது இரண்டைப் பிரித்துச் சொல்லுங்கள். ஒன்று, உங்கள் நேரத்துக்கான கூலி: மணிக்கணக்கு, அரை நாள் அல்லது முழு நாள், கூடுதல் நேரம். மற்றொன்று, படத்தைப் பயன்படுத்தும் உரிமை: எந்த ஊடகத்தில், எந்த நாடுகளில், எவ்வளவு காலம். இணையதளத்தில் ஆறு மாதம் என்பதும் பெட்டியில் ஐந்து ஆண்டு என்பதும் ஒரே விலையாக இருக்க முடியாது. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக்கூடாது என்று கட்டிப்போட்டால் அதற்கும் தனித் தொகை கேளுங்கள். கையெழுத்து வாங்கும் தாளுக்கு மாடல் ரிலீஸ் என்று பெயர். படப்பிடிப்பு முடிந்து களைத்துப் போயிருக்கும்போது அதை நீட்டுவது வழக்கம் என்பதால், முந்தைய நாளே அனுப்பச் சொல்லிப் படித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் முகத்தையும் உடலையும் ஸ்கேன் செய்து, செயற்கை நுண்ணறிவால் புதிய படங்கள் உருவாக்கும் வரிகளும் ரிலீஸில் நுழைகின்றன. நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாடலின் டிஜிட்டல் நகலுக்குத் தனியாக எழுத்துப்பூர்வ சம்மதம் பெற வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் இருந்தாலும், 'என் உருவத்தைக் கொண்டு செயற்கைப் படங்கள் உருவாக்க அனுமதி இல்லை' என்ற வரியை ஒப்பந்தத்தில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

ரத்துக்கும் விதி வேண்டும். முந்தைய நாள் ரத்தானால் பாதித் தொகை, அன்றே ரத்தானால் முழுத் தொகை என்பது என் விதி. தொகையைச் சொன்ன பிறகு முகத்தாட்சண்யத்துக்காக நீங்களே குறைக்கத் தொடங்காதீர்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது பயிற்சியால்தான் வரும்.

படி 7: படப்பிடிப்பு நாள்

பையில் இருக்க வேண்டியவை: தோல் நிறத்தில் தையல் தெரியாத உள்ளாடை, கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, எளிய காலணி, ஊக்குகள், ஈரத்துணி, மெல்லிய ஸ்கார்ஃப். ஸ்கார்ஃப் கழுத்துக்கு அல்ல. தலைவழியாகச் சட்டையைப் போடும்போது முகத்தின் மேல் போர்த்திக்கொண்டால் மேக்கப் காலரில் ஒட்டாது. ஸ்டைலிஸ்ட் உங்களை மீண்டும் அழைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கேட்லாக் நாளில் முப்பது நாற்பது உடைகள் மாற்ற வேண்டியிருக்கும். முன்னாலிருந்து கச்சிதமாகத் தெரியும் சட்டையின் முதுகில் ஏழெட்டுக் கிளிப்புகள் இருக்கும். மறந்துபோய்ச் சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். காலணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அடிப்பாகத்தில் டேப் ஒட்டியிருப்பார்கள், வழுக்கும். ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் சிறிய அசைவு ஒன்று போதும்: எடையை மறு காலுக்கு மாற்றுவது, தாடையை விரல் அளவு இறக்குவது. புதியவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய போஸ் தேடி மூச்சு வாங்குகிறார்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே பில் அனுப்புங்கள். வேலையின் தேதி, கூலி, பயன்பாட்டு உரிமையின் காலம், பணம் தர வேண்டிய கடைசி நாள் நான்கும் அதில் இருக்கட்டும். நாள் தவறினால் மறுநாள் காலை ஒரு நினைவூட்டல். கோபம் வேண்டாம், பில் எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

பிறகு நாட்காட்டியைத் திறந்து, அந்த உரிமை முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு குறிப்பு போடுங்கள். போன மாதம் எனக்கு அப்படி ஒரு குறிப்பு எழும்பியது, ஓராண்டுக்கு முன் செய்த கைக்கடிகார வேலை. 'உரிமைக் காலம் முடிகிறது, நீட்டிக்க விருப்பமா?' என்று இரண்டு வரி எழுதினேன். மாலைக்குள் புதிய ஒப்பந்தம் வந்தது. இந்த முறை கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை.