கோடிங் வேலைக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் முதல் பட்டதாரி, கல்விக் கடன், சென்னையில் விடுதி வாடகை. இத்தனையையும் சுமந்துகொண்டு கோடிங் வேலைக்கு வரும் பெண்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் முந்தைய பேட்ச் அக்காக்கள் விழுந்த குழியிலேயே அடுத்த பேட்ச்சும் விழுவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. கோடில் செமிகோலன் விட்டுப்போவதை, அதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே சொல்லிவிடும். அது சொல்லாதவை இவை.

"ஒரு வருஷம் சப்போர்ட்ல இரும்மா"

கோட் எழுதும் டெவலப்பராகத் தேர்வானவரைப் பயிற்சி முடிந்ததும் சப்போர்ட்டிலோ (பயனர்களின் புகார்களைக் கவனிக்கும் வேலை) மேனுவல் டெஸ்டிங்கிலோ (மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை) போடுவார்கள். "பொண்ணுங்களுக்கு இதுதான் சேஃப், அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆறுதலும் வரும். கூடச் சேர்ந்த பையன்களுக்கு டெவலப்மென்ட். இந்த வாய்வார்த்தையை நம்பித் தலையாட்டுவதைப் போல நஷ்டம் வேறில்லை.

டிக்கெட் என்று வரும் புகார்களை மூடுவதிலும் எக்செல் ரிப்போர்ட் அனுப்புவதிலும் 2 வருஷம் ஓடிவிடும். வெளியே நேர்காணலுக்குப் போனால் 2 வருஷ அனுபவத்துக்கான கேள்விகள் வரும். காட்டுவதற்குக் கோட் இருக்காது. ஃப்ரெஷர் வரிசையிலும் இடமில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதும் அப்போதுதான். "பெரிய வேலை ஒண்ணும் இல்லையே, விட்டுடேன்" என்று சொல்ல அவர்களுக்கும் சுலபமாகிவிடுகிறது.

எந்தப் பிரிவு என்ற ஒதுக்கீடு வந்த அன்றே மேனேஜருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: "டெவலப்பர் பணிக்குத் தேர்வானேன். எந்த மாதம் மாற்றம் கிடைக்கும்?" எச்.ஆருக்கும் நகல் போகட்டும். 6 மாதம் கழித்து அதே மடலின் தொடர்ச்சியாக மறுபடி கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தினமும் கையால் தயாரிக்கும் ரிப்போர்ட் ஒன்றைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டாக மாற்றுங்கள். டெஸ்டிங் என்றால், இணையதளங்களைத் தானாகச் சோதிக்க உதவும் செலினியத்தில் முதலில் 5 டெஸ்ட் கேஸ்கள் எழுதுங்கள். கம்பெனியின் கோட் சேமிக்கப்படும் கிட் ரெப்போவில் உங்கள் பெயரில் கமிட் (நீங்கள் செய்த மாற்றத்தின் பதிவு) ஆகட்டும். கம்பெனி கோடைச் கிட்ஹப் என்ற இணையதளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள், வேலைக்கே உலை. இப்படிக் கோட் எழுதிச் சோதிக்கும் ஆட்டோமேஷன் டெஸ்டிங்கும் அசல் புரோகிராமிங்தான், அதில் தாழ்வே இல்லை. கோட் தொடாமல் போகும் மாதங்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

நல்ல லேப்டாப்புக்குக் காத்திருப்பது

பழைய 4 ஜிபி லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டி, லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளம் போட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் பழகப் போதும். மொபைல் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு அது தாங்காது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஒப்படைப்பது

காட்டுங்கள். கொடுக்காதீர்கள்.

வேலைக்கு டெபாசிட் கட்டுவது

கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரசவத்துக்காக ராஜினாமா

முதல் 2 குழந்தைகளுக்கு, சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. நீங்களே கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். தாய் அங்கே ஒரு நாளில் 4 முறை போய்வரலாம்.