வலிக்காத கடிதான் வம்பு: கர்ப்பிணிகளுக்குப் பூச்சி கடித்தால் நாம் செய்யும் தவறுகள்

என் தங்கச்சிக்கு அப்போது ஆறு மாசம். உசிலம்பட்டிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தாள். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் விறகை எடுக்கப் போனவளைப் பூரான் கடித்துவிட்டது. வீடே கூடிவிட்டது. மதினி சுண்ணாம்பைக் குழைத்தாள், அப்பத்தா மந்திரிக்க ஆள் அனுப்பினார். மறுநாள் வீக்கம் வடிந்தது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். இப்போது யாரும் பதறவில்லை. "மழைக் காய்ச்சல், கசாயம் குடி" என்றார்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் பீடி நெருப்பு பட்டது மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. நாடா அறுத்த புண் என்று அவளே விட்டுவிட்டாள்.

அது உண்ணிக்காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். தலைவலியும் உடம்புவலியும் சேர்ந்து வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். கருச்சிதைவும் குறைப்பிரசவமும்கூட நேரலாம். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று மறைவாகத்தான் இருக்கும்.

பூரானுக்குப் பயந்து இதைக் கோட்டை விட்டதுதான் எங்கள் பெரிய தவறு.

அடுத்தது மருந்துக்கடை. "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்றால் நாலு மாத்திரையை மடித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக் இருக்கலாம், ஸ்டீராய்டுகூட இருக்கலாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஐந்தாம் மாசத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வேறு. டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் போதும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததையே "பிள்ளைக்கு ஆகாது" என்று பாதியில் நிறுத்துவது. உண்ணிக்காய்ச்சலுக்கு மற்றவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அசித்ரோமைசின். மருந்தைவிட, கவனிக்காமல் விட்ட காய்ச்சல்தான் பிள்ளைக்கு ஆபத்து. இன்னொன்று, காய்ச்சல் வந்த முதல் ஐந்தாறு நாளில் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "டெஸ்ட்ல ஒண்ணுமில்ல" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சாதாரணக் கடிக்கு, அதாவது எறும்போ கொசுவோ ஒற்றைக் குளவியோ என்றால், சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அரிப்புக்குக் காலமைன் தடவினால் போதும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். கீறி ரத்தம் எடுப்பதும் வாயால் உறிஞ்சுவதும் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும்.

காணாக்கடி என்று ஒன்று சொல்வோமே, அதில் மட்டும் ரொம்ப உஷார். தரையில் படுத்திருந்து நடுராத்திரி சுருக்கென்று விழித்து, காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகுகிறது என்றால் அது பூச்சியே இல்லை, கட்டுவிரியனாக இருக்கலாம். பல் பட்ட தடம் சரியாகத் தெரியாது. வயிற்றுவலியைப் பிரசவ வலி என்று நினைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். தேள் கொட்டி வேர்த்து, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டாலும் சரி, குளவி கொட்டி உதடு வீங்கி மூச்சு திணறினாலும் சரி, உடனே 108. வண்டி வரும்வரை இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். விஷமுறிவு ஊசியைக் கர்ப்பிணிக்கும் போடத்தான் வேண்டும், "மாசமா இருக்கா, ஊசி வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். கடி எதுவானாலும் குழந்தை அசைவு குறைந்தாலோ ரத்தம் பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தங்கச்சி நாலாம் நாள்தான் போனாள். "உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு இருக்கா?" என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாளாம். ஆண் டாக்டர், கூச்சம். வெளியே வந்து நர்சம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர்தான் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடினார்.