பண்டைய கிரேக்கரின் பொழுதுபோக்கைக் காட்டும் ஓவியத்துக்குப் பொருள் காண்பது எப்படி?

பண்டைய கிரேக்கரின் ஓய்வுப்பொழுதைக் காட்டும் ஓவியம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகும் வேலூர்க் கல்லூரி மாணவர்கள், அது எந்த இடத்தில், யார் பார்ப்பதற்காக வரையப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த பேஸ்டம் நகருக்குத் தெற்கே 1968-இல் தொல்லியலாளர் மாரியோ நப்போலி அகழ்ந்தெடுத்த ‘நீரில் பாய்பவன் கல்லறை’யை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ கி.மு. 470-இல், ஐந்து சுண்ணாம்புக் கற்பலகைகளின் உட்புறத்தில் ஈரச் சுதைமீது தீட்டப்பட்ட அவ்வோவியங்கள், மூடியை இறக்கியபின் அகழாய்வு நாள்வரை எவர் கண்ணிலும் படவில்லை. நம் ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் உள்ளே வருவோர் அண்ணாந்து பார்ப்பதற்கு உரியவை. இவையோ இறந்த ஒருவருக்கென்றே அமைந்தவை.

அடுத்து, முகங்களைவிடக் கைகளைக் கவனியுங்கள். நீண்ட சுவர்கள் இரண்டிலுமாக ஆடவர் பத்துப் பேர் தழைமாலை சூடி, மேலாடையின்றி மஞ்சங்களில் சாய்ந்திருக்கிறார்கள். ஒருவன் கிண்ணத்தின் பிடிக்குள் விரலைக் கோத்து உயர்த்தியிருப்பது குடிப்பதற்கன்று. அடியில் தங்கிய மதுவைக் குறிபார்த்து வீசும் கொட்டபோஸ் என்னும் விளையாட்டுக்காகவே. வேறொருவன் இரட்டைக் குழல் ஊத, அருகிலிருப்பவன் தன் தலையில் கைவைத்து முகத்தை நிமிர்த்துகிறான். தலையில் கைவைத்தால் நாம் துக்கம் என்போம். இங்கே அது இசையில் ஆழ்ந்த நிலை.

பிறகு சிறிய சுவருக்கு வாருங்கள். மதுவில் தண்ணீர் கலக்கும் பெரிய சாடியருகே, கையில் குடுவையுடன் ஒரு பையன் நிற்கிறான். தண்ணீர் கலக்காத மதுவைக் குடிப்பது நாகரிகமற்றோர் செயல் என்று கிரேக்கர் கருதியதால், அந்தச் சாடி விருந்தின் அளவையும் ஒழுங்கையும் குறிக்கிறது. பையனோ, சாய்ந்திருப்போரின் ஓய்வு யாருடைய உழைப்பில் நடக்கிறது என்பதைக் காட்டுகிறான். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பாயும் குதிரைகளை வியந்துவிட்டு, அவற்றின் காலடியிலுள்ள சிறு உருவங்களைக் கடந்துபோகிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அந்தப் பழக்கம் உதவாது.

மூடியில் இளைஞன் ஒருவன் உயரமான மேடையிலிருந்து நீரை நோக்கிப் பாய்கிறான். அது வாழ்விலிருந்து சாவுக்குச் செல்வதன் உருவகம் என்பர் பலர்; கடலோர இளைஞரின் விளையாட்டே என்பர் சிலர். உடலுக்கு நேர் மேலே, கீழ்நோக்கி அமைந்த ஓவியம் என்பதால் முதற்கருத்தே எனக்கு ஏற்புடையது. ஆயினும் கட்டுரையில் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓவியத்திலுள்ள சான்றை அதனருகிலேயே குறிப்பிடுவது முறை.