நாகர்கோவில் பக்கத்தில் இருந்துகொண்டு கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தயாராவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யூர், தூத்தூர் என்று திரும்பிய பக்கமெல்லாம் கல்லூரி இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஆனால் நிரந்தரப் பணியிடம் எப்போதாவதுதான் காலியாகும், விளம்பரம் வந்தபிறகு ஓடினால் ஒன்றும் நடக்காது. அதனால் முதுகலை படிக்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் நெட், அதாவது உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு. எம்.ஏ., எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். உதவிப் பேராசிரியர் ஆக பி.எச்டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2023-இல் சொல்லிவிட்டது, அதனால் 'ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். பாடத் தாளையே முட்டி முட்டிப் படித்துவிட்டு எல்லாருக்கும் பொதுவான முதல் தாளைக் (கற்பித்தல், ஆராய்ச்சித் திறன்) கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். அதில் 50 கேள்விக்கு 100 மதிப்பெண், தப்புக்குக் கழிப்பதும் கிடையாது. பழைய வினாத்தாளை எடுத்துவைத்து தினமும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்வார்கள். நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான், ஏனென்றால் ஒரு மணி நேரப் பாடத்தைப் பத்து நிமிடத்துக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு கருத்தை எடுங்கள். பொருளாதாரம் என்றால் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) போதும்: ஓணத்துக்கு ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) விலை எகிறுகிறது, உப்பேரி (சிப்ஸ்) வறுக்கிற வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வாங்கத்தான் செய்கிறார், ஏன்? இந்தக் கேள்வியில் தொடங்கி, கரும்பலகையில் ஒரே ஒரு வரைபடம், செங்குத்துக்கு நெருக்கமான கோடு, அச்சுகளுக்குப் பெயர் எழுத மறக்காமல். நிற்கிற இடம் பலகையை மறைக்கக் கூடாது, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். உங்கள் துறையில் நன்றாகப் பாடம் எடுக்கிற ஒரு மேடமிடமோ சாரிடமோ கேட்டு, பி.ஏ. வகுப்பு ஒன்றில் நிஜமாகவே எடுத்துப் பாருங்கள், கண்ணாடி முன்னால் நின்று பேசுவதெல்லாம் இதற்கு ஈடாகாது.

கட்டுரை வெளியிடுவதில் கவனம், மக்கா. 'பணம் கட்டுங்கள், இரண்டு நாளில் போட்டுவிடுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற இதழ் எதையும் தொடாதீர்கள். நம்பகமான இதழ்கள் என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது, எனவே ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் அந்த இதழ் உண்மையிலேயே இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். தவிர, யூஜிசியின் 2022 பி.எச்டி. விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வெளியீடு கட்டாயமில்லை (பல்கலைக்கழகம் தனியாக ஏதும் கேட்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்), ஆகவே அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். வேறொருவர் ஆய்வேடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஷோத்கங்கா என்கிற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். திருவனந்தபுரமும் ரயிலில் போய்வரும் தூரம்தான், அங்கே நடக்கும் கருத்தரங்குகளில் போய் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள்.

சுயநிதிப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தால் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, ஆனாலும் அனுபவம் அனுபவம்தான். விலகும்போதே சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த பாடங்கள் எல்லாம் போட்டு முதல்வர் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். முதல்வர் மாறிய பிறகு போய்க் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடுவதற்கே நாலைந்து தடவை நடக்க விடுவார்கள்.