பழைய செஸ் புத்தகத்தை பிஜிஎன் கோப்பாக மாற்றுவது எப்படி?

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியதோ, கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாசகசாலையில் எடுத்ததோ, ஒரு செஸ் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. அதிலுள்ள ஆட்டங்களை போனில் நகர்த்திப் பார்க்க வேண்டுமென்றால், அவற்றை பிஜிஎன் கோப்பாக்க வேண்டும். இது செஸ் ஆட்டங்களை எழுதிவைக்க 1993இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த வடிவம். வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். மேலே போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என ஏழு விவரங்கள், கீழே நகர்வுகள். எந்த செஸ் மென்பொருளும் இதைப் படிக்கும்.

நாலைந்து ஆட்டம்தான் வேண்டும் என்றால் ஸ்கேன் பக்கமே போகாதீர்கள். லீசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, 'ஸ்டடி' ஒன்றைத் திறந்து, புத்தகத்தைப் பார்த்துக் காய்களை நகர்த்தினால் போதும், பிஜிஎன்னை அதுவே எழுதிக்கொள்ளும். முழுப் புத்தகமும் வேண்டும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் குறியீட்டைப் பாருங்கள்

கட்டங்களுக்கு 'இ4', 'எஃப்3' என்று பெயர் போட்டிருந்தால் வேலை சுலபம். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'ராஜா பக்கத்து நாலாம் கட்டம்' என்கிற பாணியில் இருக்கும். அதில் ஒரே கட்டத்துக்கு வெள்ளை பக்கமிருந்து ஒரு பெயர், கறுப்பு பக்கமிருந்து இன்னொரு பெயர். இதை ஸ்கேன் செய்து திருத்துவதைவிட, பலகையில் ஆடியே ஏற்றிவிடுவது மேல். காய்களுக்கு எழுத்தில்லாமல் குட்டிப் படம் அச்சிட்ட புத்தகங்களும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வருவோம்.

படம் எடுப்பது

பக்கம் தட்டையாக, நிழல் விழாமல் இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திண்ணையில் உட்கார்ந்து எடுக்க வேண்டாம். ஜன்னலோரம் மேஜை போட்டு, மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்து எடுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சென்று அடிக்காத கோணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாக மாற்றுவது

கூகுள் லென்ஸ் போதும். கணினியில் செய்பவர்களுக்கு, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். மொழியை ஆங்கிலம் என்று வையுங்கள். வருவது குப்பையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். புத்தகத்தில் ஆடிய நகர்வு தடித்த எழுத்திலும், 'இப்படியும் ஆடியிருக்கலாம்' என்பது சாதா எழுத்திலும் இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்கும். அதனால் முதல் சுற்றில் ஆடிய நகர்வுகளை மட்டும் தனியே எடுங்கள். விளக்கத்தை நெளிவு அடைப்புக்குள்ளும், மாற்று வழிகளைச் சாதாரண அடைப்புக்குள்ளும் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

துப்புரவு

மென்பொருளுக்கு ஆங்கிலப் பெரிய பி-யும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும், சின்ன பி-யும் ஆறும் அப்படியே. குட்டிப் படமுள்ள புத்தகமென்றால் குதிரைப் படம் ஏதோ ஒரு கிறுக்கல் குறியாக வந்திருக்கும். எந்தக் காய் எதுவாக வந்திருக்கிறது என்று முதல் பக்கத்தில் பார்த்து, 'கண்டுபிடித்து மாற்று' வசதியால் சரிசெய்யுங்கள். குதிரைக்கு எழுத்து 'என்', 'கே' ராஜாவுக்குரியது.

கோட்டை கட்டுவதை முறைப்படி பூஜ்ஜியத்தால் அல்ல, பெரிய ஓ-வால் எழுத வேண்டும். பூஜ்ஜியத்தையெல்லாம் ஒரேயடியாக ஓ ஆக்கிவிடாதீர்கள், பத்தாவது நகர்வும் 1-0 என்ற முடிவும் சேர்ந்தே கெட்டுப்போகும். '0-0-0'வை முதலில் மாற்றுங்கள், பிறகு '0-0'. வரிசை மாறினால் நீளக் கோட்டை அரையும் குறையுமாக நிற்கும்.

பலகையில் ஓட்டிப் பார்ப்பது

இந்த வேலையின் உயிரே இங்கேதான். ஸ்கிட் விஎஸ் பிசி என்ற இலவச மென்பொருளில் ஆட்டத்தை ஒட்டினால், விதிப்படி ஆட முடியாத நகர்வு வரும் இடத்தில் தடுமாறி நிற்கும். ஆனால் தவறு அந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பால் மார்ஃபி ஆடிய 17 நகர்வு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் டி4 போகிறது. மை மங்கி அது டி3 என்று வந்துவிட்டால் மென்பொருள் முணுமுணுக்காது, ஏனென்றால் டி3-யும் ஆடக்கூடிய நகர்வுதான். நாலாவது நகர்வில் அந்தச் சிப்பாய் இ5-ஐ வெட்ட வேண்டும். டி3-யில் இருந்து எட்டாதே! மென்பொருள் நிற்பது நாலில், கோளாறு மூன்றில். ஆகவே நின்ற இடத்திலிருந்து பின்னோக்கிப் போய், புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

அதே ஆட்டத்தின் 11வது நகர்வில் கறுப்புக் குதிரை டி7-க்கு வருகிறது. பி8 குதிரை, எஃப்6 குதிரை இரண்டுமே அங்கே வரலாம். அதனால்தான் குதிரை எழுத்துக்குப் பின்னால் சின்ன பி சேர்த்து எழுதுகிறார்கள். ஸ்கேனில் அந்த ஒரு எழுத்து விழுங்கப்பட்டால், எந்தக் குதிரை என்று மென்பொருள் குழம்பும்.

ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்த்தால் வேலை சீக்கிரம் முடியும். நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் அதற்கொரு ஆபத்து உண்டு. தமிழில் மூலைக்காயை யானை என்போம், மலையாளத்தில் பிஷப்புக்குத்தான் ஆனை என்று பெயர். மந்திரி என்றால் அவர்களுக்கு ராணி, நம்மில் பலருக்கு பிஷப். கூட உட்காருபவர் மலையாளி என்றால் மூலைக்காய்க்கு 'ஆர்', பிஷப்புக்கு 'பி', ராணிக்கு 'க்யூ' என்று எழுத்தைச் சொல்லியே வாசியுங்கள்.

பலகைப் படங்கள்

புதிர்ப் புத்தகமென்றால் நகர்வுகளைவிடப் படங்கள்தான் அதிகம். செஸ்விஷன் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்து நிலையை எஃப்இஎன் வரியாகத் தரும். அதில் எட்டாம் வரிசையிலிருந்து கீழாக எழுதுவார்கள், காலிக் கட்டங்களுக்கு எண், வெள்ளைக்குப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சின்ன எழுத்து. அடுத்து ஆட வேண்டியது யார் என்பதை மட்டும் நீங்களே பார்த்துச் சரிசெய்யுங்கள். படத்தில் அது தெரியாது, பக்கத்து வரியில்தான் இருக்கும்.

சேமிப்பது

லீசெஸ் ஸ்டடி ஒன்றில் 64 அத்தியாயங்கள்வரை வைக்கலாம். அதைவிடப் பெரிய புத்தகமானால் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். கோப்பின் ஒரு நகலை பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு அனுப்பும்போது நகர்வுகள் மட்டும் போகட்டும். விளக்கவுரை புத்தகம் எழுதியவருக்குச் சொந்தம், அது உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.