கர்ப்ப காலத்தில் வீட்டிலேயே பிரஷர் பார்ப்பது எப்படி?

கர்ப்ப காலத்தில் ஏறுகிற ரத்த அழுத்தம் பெரும்பாலும் வந்ததைச் சொல்லிக்கொள்ளாது. மேல் எண் 150ஐத் தாண்டிய பிறகும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நடமாடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதனால் இந்த விஷயத்தில் உடம்பைக் கேட்டுப் பயனில்லை, கருவியைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கட்டுகிற விதத்தில் கட்டாவிட்டால் கருவியும் பொய் சொல்லும். "வீட்டில் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தால், இங்கிருந்து தொடங்குங்கள்.

படி 1: கருவியும் பட்டையும்

மேல்கையில் கட்டுகிற தானியங்கிக் கருவியே நல்லது. மணிக்கட்டுக் கருவி வேண்டாம். பிரீ-எக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய், விவரம் படி 4இல்) வந்தவர்களுக்குச் சில கருவிகள் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டுவதுண்டு. அதனால் கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்ட மாடல்தானா என்று விசாரித்து வாங்குங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய், அங்கே பார்க்கிற அளவோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது பட்டையில். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். மாதம் ஏற ஏறக் கையும் பருக்கலாம். ஐந்தாம் மாதத்தில் பொருந்திய பட்டை எட்டாம் மாதத்திலும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 2: உட்காருவது

என் தங்கைக்கு 30ஆவது வாரத்தில் முதன்முதலாகப் பட்டை கட்டியவள் நான்தான். கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு, ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பட்டை கட்டிய கை மடியோரமாகத் தொங்கியது. திரையில் 146/92. இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கையேட்டை எடுத்துப் படித்துவிட்டு, அவளை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, கையை மேஜைமேல் வைத்து, போனைப் பிடுங்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவிட்டுப் பார்த்தேன். 124/78. மறுநாள் காலையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அன்று நாங்கள் செய்யத் தவறியது இவ்வளவுதான்: அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ குடிக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். அளந்து முடியும்வரை பேச்சு கூடாது.

இந்தத் தவறுகள் எண்ணைக் கூட்டிக் காட்டுபவை, வீண் பதற்றத்தோடு போய்விடும். ஆபத்தானது குறைத்துக் காட்டும் தவறு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மேலே இருக்கும் வலக்கையில் அளந்தால், அந்தக் கை நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும். 10 சென்டிமீட்டர் உயர்ந்தாலே ஏறக்குறைய 7, 8 புள்ளிகள் குறைந்துவிடும். ஏறியிருக்கிற பிரஷர் அப்படியே மறைந்துகொள்ளும். படுத்துக்கொண்டு அளக்கவே வேண்டாம்.

படி 3: கட்டி அளப்பது

பட்டையைத் துணிமேல் கட்டாதீர்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கினால் போதும். முதல் நாள் இரு கைகளிலும் பார்த்துவிட்டு, எதில் அதிகம் காட்டுகிறதோ அந்தக் கையிலேயே எப்போதும் அளந்து வாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, நாள், நேரத்தோடு இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண் வரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து, கடைசியில் வந்ததை மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரின் கண்ணை நாமே கட்டிவிடுகிற வேலை அது.

படி 4: எண்ணைப் படிப்பது

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90. இரண்டில் எது அந்த அளவைத் தொட்டாலும் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும். சற்று ஓய்வெடுத்து மீண்டும் பாருங்கள். குறையவில்லையா, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த செக்கப்வரை தள்ளாதீர்கள். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 என்றால் 15 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். உடம்பிலும் ஏதாவது தொந்தரவு இருந்தால் அந்த 15 நிமிடம்கூட வேண்டாம்.

20 வாரத்துக்கு முன்பே அதிகமாக இருந்தால், பெரும்பாலும் அது கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருக்கும் பிரஷர். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வந்தால் அது கர்ப்பத்தால் வந்தது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. நடுமாதங்களில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கி, கடைசி மாதங்களில் பழைய நிலைக்கு ஏறும். ஆகவே நான்காம் மாதம் வந்த நல்ல எண்ணை வைத்து எட்டாம் மாதத்துக்கு நிம்மதி தேடிக்கொள்ள முடியாது.

20 வாரத்துக்குப் பிறகு ஏறிய பிரஷரோடு சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டாலோ அதுதான் பிரீ-எக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் சிறுநீர் கேட்பது இதற்காகத்தான்.

படி 5: எண்ணை மட்டும் நம்பாதது

விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது அல்லது மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும், கருவி என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாலையில் பாதம் மட்டும் வீங்குவது கர்ப்பிணிகள் பலருக்கும் வருவது. அதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

மருந்து பற்றிக் கொஞ்சம். லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தரப்படுபவை. எனாலபிரில், ராமிபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. முன்பிருந்தே இவற்றைச் சாப்பிட்டு வருபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பு பிரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் போன்றோருக்கு 12ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. உங்களுக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள். உப்பை அடியோடு நிறுத்துவதும் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் இந்த நோயைத் தடுப்பதில்லை. பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்ததும் கருவியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் பலருக்கும் உச்சத்துக்கு ஏறும். அதுவரை சரியாக இருந்தவர்களுக்கும் ஆறு வாரத்துக்குள் பிரீ-எக்ளாம்ப்சியா புதிதாக வரலாம். வீடு திரும்பிப் பால் கொடுப்பதும் தூக்கம் கெடுவதுமாக இருக்கிற அந்த நாட்களில் தலைவலியைத் தூக்கமின்மையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. பிரசவத்துக்குக் கட்டி வைக்கிற பையில் கருவியையும் அந்த நோட்டையும் சேர்த்து வையுங்கள்.